ஏலத்தில் எடுத்த வீட்டுக்குப் பழத்தட்டோடு போனோம்

லேலோங் வீட்டை வாங்கும் முன் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. கடன் கட்டாமல் போன வீட்டை வங்கி ஏலம் விடும். அந்த ஏலத்தைத்தான் இங்கே நாங்கள் லேலோங் என்கிறோம். சாவி வங்கியிடமும் இருக்காது. அதனால் வெளியே நின்று மின்சார மீட்டரைப் பார்க்க வேண்டும் என்று, ஷா ஆலாமில் ஓர் ஓட்டல் மண்டபத்தில் இரண்டு நாள் வகுப்பெடுத்தவர் சொல்லிக்கொடுத்தார். மீட்டரில் விளக்கு சிமிட்டினால் உள்ளே ஆள் இருக்கிறது. ஆள் இருந்தால் மற்றவர்கள் விலை கேட்கத் தயங்குவார்கள், விலை இறங்கும். "பயப்படாதவங்களுக்குத்தான் லாபம்" என்றார் அவர். எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

புக்கிட் செந்தோசாவில் நான் பார்த்த மலிவு விலை வீட்டின் மீட்டர் சிமிட்டிக்கொண்டிருந்தது. வாசலில் இரண்டு துளசிச் செடிகள், கொடியில் பள்ளிச் சட்டை ஒன்று. மோட்டார் சைக்கிளை அணைக்காமலே எதிர்ச்சாரியில் நின்று நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன்: ஆள் உண்டு, கூரை பரவாயில்லை, முன்பக்கம் சுத்தம். அப்போது அது எனக்கு நல்ல செய்தியாகத்தான் இருந்தது.

அப்பா கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டமொன்றில் செம்பனைக் குலை வெட்டுபவர். அம்மா அதே தோட்டத்தில் உரம் போடுவார். எங்கள் குடும்பம் குடியிருந்த வீடு எதுவும் இதுவரை எங்கள் பெயரில் இருந்ததில்லை. எல்லாம் தோட்டத்துக் கம்பெனி கொடுத்த லயத்து வீடுகள். டிப்ளோமா வரை படித்தவன் நான் ஒருவன்தான். தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. சின்னச் சின்ன மலிவு வீடுகளாக வாங்கி வாடகைக்கு விட வேண்டும், அப்பா கத்தியைக் கீழே வைக்கிற அன்று மாதாமாதம் கைக்கு ஏதாவது வர வேண்டும் என்பது என் கணக்கு. முதல் வீட்டுக்கு முன்பணம் அவருடைய ஈ.பி.எஃப். சேமநிதிப் பணம். ஐம்பது வயதில் எடுக்கலாம் என்றிருந்ததை எடுத்து, எதற்கு என்று இரண்டாம் முறை கேட்காமல் கொடுத்தார்.

ஏலம் கணினியிலேயே நடந்தது. மதிய உணவு நேரத்தில், கேன்டீனில் உட்கார்ந்து போனிலேயே விலை கேட்டேன். இன்னொருவர் மட்டும் போட்டிக்கு வந்தார், சீக்கிரமே விட்டுவிட்டார். அவர் ஏன் விட்டார் என்று நான் யோசிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா கேட்டது ஒன்றுதான்.

"ஆளு இருக்கற வூட்ட எப்புடிடா விப்பான்?"

"வாடகைக்கு இருக்கறவங்களா இருக்கும்ப்பா. போய்ப் பேசுனா கெளம்பிருவாங்க."

"யாரு பேசறது, நீயா? கேட்டுக்கு வெளிய நின்னுக்கிட்டுத் தாளக் காட்டுவியா? தோட்டத்துல ஒருத்தனக் காலி பண்ணச் சொல்லணும்னா மண்டோரே வூட்டுக்குள்ள போயி ஒக்காந்து தண்ணி குடிச்சிட்டுத்தான் சொல்லுவாரு. நாங்களும் வர்றோம்."

தோட்டத்தில் அப்படித்தான், வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்கும் அதே முறைதான். கசப்பான பேச்சை வாசலில் நின்று பேசமாட்டார்கள், வெறுங்கையோடும் போகமாட்டார்கள். அம்மா ஆரஞ்சும் ஆப்பிளும் வாழைப்பழமும் வாங்கினார். பிளாஸ்டிக் பையில் கொடுத்தால் மரியாதையாக இருக்காது என்று, வீட்டிலிருந்த எவர்சில்வர் தட்டில் அடுக்கினார். பட்டு என்று சொல்ல முடியாது, ஆனால் பெட்டியிலிருந்து எடுத்த சேலை. அப்பா முழுக்கைச் சட்டை. ஞாயிற்றுக்கிழமை, ராகுகாலத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம்.

இரவல் வாங்கிப்போன காரை நிறுத்தும்போதே கேட் திறந்தது. லோரி ஓட்டுபவர் என்று பிறகு தெரிந்துகொண்ட அந்த வீட்டுக்காரர் இரண்டு கையையும் கூப்பியபடி வந்தார்.

"வாங்க, வாங்க! இந்த ஞாயித்துக்கெழம வருவீங்கன்னு சொல்லிட்டாங்க. வழி கண்டுபிடிக்கக் கஷ்டமா இருந்திச்சா?"

வங்கி தகவல் சொல்லியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இவ்வளவு நல்ல மனிதர்களா என்றும் நினைத்தேன். அவருடைய மனைவி பழத்தட்டை இரண்டு கையாலும் வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். அம்மாவுக்குக் குங்குமம் கொடுத்தார். உட்கார்ந்தோம். மேசையில் கேசரி, வடை. அப்பா ஒரு வடையை எடுத்துக் கடித்தார்.

"தம்பிக்கு என்னா வேல?"

சொன்னேன்.

"நெரந்தர வேலயா?"

"ஆமாங்க ஆன்ட்டி."

"குடி, சிகரெட்டு..." என்று வீட்டுக்காரர் சிரித்தபடி இழுத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க, இந்தக் காலத்துல கேட்டுடணும்."

வீடு காலி செய்கிறவர் இதையெல்லாம் ஏன் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது போலிருக்கிறது. என்னைப் பார்த்தார், கண்ணை விரித்தார். அதற்குள் சமையலறைப் பக்கமிருந்து என் வயதுப் பெண் ஒருத்தி தலையில் பூ வைத்துக்கொண்டு தேநீர்த் தட்டோடு வந்தாள். அந்தக் குடும்பம் வேறு யாரையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. பெண் பார்க்க வருகிறவர்களை.

அப்பா ஒருவருக்குத்தான் இன்னும் ஒன்றும் தெரியவில்லை.

"சொந்த வீடு இருக்குங்களா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"இப்பத்தாங்க ஒண்ணு லேலோங்ல எடுத்திருக்கான்" என்றார் அப்பா. அவர் குரலில் அவ்வளவு பெருமையை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"கெட்டிக்காரப் புள்ள! எந்தப் பக்கம்?"

அப்பா வடையைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கையோடு கொண்டுபோன ஃபைலைத் திறந்து வங்கித் தாளை எடுத்தேன். வேறு என்ன செய்திருக்கலாம் என்று இன்றுவரை தெரியவில்லை. வீட்டுக்காரர் அதை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு மகளிடம் நீட்டினார். அவள் தேநீர்த் தட்டைக் கீழே வைத்துவிட்டு மலாயில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். வீட்டு எண், தெரு, ஏலம் நடந்த நாள். கடைசியில் நிறுத்தி என்னிடம் கேட்டாள்.

"வாங்குனவருன்னு போட்டிருக்கறது நீங்களா?"

"ஆமா."

அவள் தலையிலிருந்த பூவை எடுத்து மேசைமேல் வைத்தாள். யாரையும் திட்டவில்லை. உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்காரர் அலமாரியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தார். அதில் ஒரு கடிதம் இருந்தது. அரசாங்கத் திட்டத்து மலிவு விலை வீட்டைப் பல வருடங்களுக்குப் பெயர் மாற்ற முடியாது என்பதால், முதல் சொந்தக்காரரிடம் ஒரு தொகை கொடுத்து, இனி வீடு உன்னுடையது என்று எழுதி வாங்கியிருக்கிறார். வங்கித் தவணையை மாதாமாதம் அந்த மனிதரின் கையிலேயே கொடுத்து வந்திருக்கிறார். அந்த மனிதரும் இவரும் ஒரே தோட்டத்தில் ஒன்றாக வேலை செய்தவர்கள். தோட்டத்தில் சம்பளத்தில் பிடித்ததைக் கணக்கெழுதும் கிராணி பார்த்துக்கொள்வார். அதுபோல இதையும் ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டிருக்கிறார். கேட்டில் நோட்டீஸ் ஒட்டியபோது அதைக் கிழித்து அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். "நான் செட்டில் பண்ணிர்றேன் லா, நீ வேலயப் பாரு" என்றாராம். இப்போது அந்த மனிதரின் போன் அடிப்பதில்லை.

அப்பா கடிதத்தை வாங்கிப் பார்த்தார். கீழே ஊதா மையில் வட்டமான முத்திரை. அதன்மேல் விரலை வைத்தார்.

"சாப் இருக்கேடா" என்றார் என்னிடம், மெதுவாக.

"இது கையெழுத்து அவரோடதுதான்னு அடிச்ச சாப்புப்பா. வீட்டுக்கு இல்ல."

"சாப் சாப்புதானடா."

அப்பாவும் வீட்டுக்காரரும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படித்தவன் நான், நான் ஏதாவது சொல்லி இதைச் சரியாக்குவேன் என்று இரண்டு பேர் முகத்திலும் இருந்தது. நான் சொன்னதெல்லாம் "ஒரு லாயரக் கேட்டுப் பாக்கறேன்" என்பதுதான்.

கேட்டேன். ராவாங்கில் ஒரு பெண் வழக்கறிஞர். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"ஒங்களுக்குப் பாவமா இருந்தா விட்டுடலாம் தம்பி. முன்பணம் போயிரும். வீடு மறுபடியும் லேலோங்குக்கு வரும், வேற ஆளு எடுப்பான். அவன் பழத்தட்டோட வரமாட்டான்."

"அவங்க கட்டுன காசு?"

"அந்தக் காச வாங்குன ஆளு மேல கேஸ் போடலாம். ஆள மொதல்ல கண்டுபிடிக்கணும்."

நான் விட்டுக்கொடுத்தாலும் அந்த வீடு அவர்களுக்குக் கிடைக்காது. அப்பாவின் பணம்தான் போகும். இதை மோட்டார் சைக்கிளில் திரும்பி வரும்போது எத்தனையோ விதமாகப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு விதத்திலும் அவர்கள்தான் வெளியே நின்றார்கள். அப்பா அதற்குப் பிறகு அந்த வீட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. அம்மா மட்டும் ஒருமுறை, "அந்தப் புள்ளைக்கு வர வேண்டியவங்க அன்னிக்கு வந்தாங்களா என்னமோ" என்றார்.

நான் யோசித்துக் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று: அவர்களே வாடகைக்கு இருக்கட்டும், அந்தப் பக்கத்து வாடகையில் பாதி போதும். போய்ச் சொன்னேன். இந்த முறை கேட்டுக்கு வெளியே நின்றுதான்.

"என் வீட்டுக்கு நான் வாடக கட்டணும்?" என்றார் வீட்டுக்காரர்.

"அங்கிள், எனக்கு வேற வழி தெரியல."

"தெரியலன்னா ஏன் லா படிச்சீங்க?"

அவர் மனைவிதான் பின்னாலிருந்து, "கட்டறோம் தம்பி. சின்னவனுக்கு இந்த வருசம் பரீட்ச" என்றார். வீட்டுக்காரர் திரும்பி உள்ளே போய்விட்டார். வீடு என் பெயருக்கு மாறியது. மாதம் பிறந்தால் மகள் வங்கியில் போட்டுவிட்டு ரசீதின் படத்தை அனுப்பிவிடுவாள். கூட ஒரு வார்த்தை இருக்காது. வகுப்பெடுத்தவர் சொன்னபடி பார்த்தால் எனக்கு முதல் வீட்டிலேயே எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது.

ஆண்டுக் கடைசி மழையில் ஒருநாள் வீட்டுக்காரரே போன் செய்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

"குசினியில ஒழுகுது தம்பி. வீட்டுக்காரருகிட்டச் சொல்லணும்ல, அதான்."

அவர் குத்திக்காட்டுகிறாரா, முறையாகச் சொல்கிறாரா என்று குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. ஹார்ட்வேர் கடையில் ஓட்டை அடைக்கும் பசைக் குழாய் ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். அவரே ஏணியைக் கொண்டுவந்து சாய்த்தார். குசினி என்பது பின்பக்கச் சமையலறை, வங்கித் தாளில் இல்லாத கட்டடம். லீவு நாட்களில் எல்லாம் ஏறி உட்கார்ந்து அவர் கையாலேயே தகரம் போட்டது என்று அவர் மனைவி சொன்னார்.

ஏறினேன். ஈரத் தகரம், எங்கே பார்த்தாலும் ஆணித் தலைகள். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன.

"எந்த எடத்துல அங்கிள்?"

அவருக்குத் தெரியும். அவர் அடித்த ஆணிகள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கீழேயே நின்றார்.

"நீங்கதான் பாக்கணும் தம்பி."

கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் பசையை வைத்தேன். குழாய் தீர்ந்தது. இறங்கி வந்தபோது அடுப்புக்குப் பக்கத்தில் வாளியில் சொட்டுகிற சத்தம் முன்போலவே கேட்டது.

"கூரக்காரங்க யாரயாச்சும் கூப்புடட்டுமா அங்கிள்?"

"ஒங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு ஏணியை மடக்கினார்.