‘எழும்பாதேங்கோ’ என்னும் மரியாதை

‘சுகம், வீட்டுக்குப் போகலாம்’ என்று துண்டு வெட்டி ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியபோது அப்பாவின் நெஞ்சில் சளி இல்லை, உடம்பில் காய்ச்சல் இல்லை. வீட்டு வாசலில் ஓட்டோவிலிருந்து இறக்கி நிறுத்தியபோதுதான் காலும் இல்லை என்று தெரிந்தது. கால்கள் இருந்தன. ஆனால் யாரோ மறந்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பது போல அவர் அவற்றைக் குனிந்து பார்த்தார். நானும் ஓட்டோக்காரரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி உள்ளே கொண்டுபோனோம்.

சண்டைக்காலம் முழுவதும் நடந்த கால்கள் அவை. ஊர் ஊராக இடம்பெயர்ந்து, முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்று, மீள்குடியேற்றம் என்று பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கிவிட்ட அன்றே பற்றைக்குள் புகுந்து தன் வயல் வரம்பைத் தேடியவை. ஷெல்லடிக்கு விழாத மனிதரை ஒரு ஆஸ்பத்திரி மெத்தை விழுத்திவிட்டது.

மெத்தை மட்டுமா? நாங்களும்தான். எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்கு வருத்தம் பார்க்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது கட்டிலில் கிடக்கும் வருத்தக்காரரை அல்ல, பிள்ளைகளை. அவர் தானே எழுந்து போய் முகம் கழுவினால், “பெத்ததுகள் பாக்கிறேல்லை” என்ற செய்தி பின்னேரமே கட்டுக்கரைக் குளத்தின் மறுகரைக்குப் போய்விடும். ஆகவே வார்ட்டில் நான் சோறு ஊட்டினேன், முகம் துடைத்தேன், அவர் கால் கீழே வைத்தால் மூத்திரப் போத்தலோடு ஓடினேன். “ஐயாவைக் கொஞ்சம் நடக்க விடுங்கோ” என்ற நேர்ஸுக்கு இரக்கமில்லை என்று அம்மாவும் நானும் ஒருமனதாகத் தீர்மானித்தோம். ஊரில் எனக்கு நிறைய வாசிக்கிறவன் என்றொரு பெயர் உண்டு. வாசித்த எதிலும் முழங்கால் வந்ததாக ஞாபகமில்லை.

வீட்டுக்கு வந்தபிறகு கிளினிக்கில் காட்டியபோது டொக்டர் அப்பாவின் தொடையை அழுத்திப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார்.

“வருத்தம் மாறீட்டுது. ஆனா வயசான ஆக்களுக்குப் படுக்கையில தசை கெதியாய்க் கரைஞ்சுபோகும். நடக்க வையுங்கோ. இப்பிடியே விட்டா, பிறகு எழும்பமாட்டார்.”

கடைசி வசனத்தை அம்மாவிடம் சொல்லாமல் நானே வைத்துக்கொண்டேன். வைத்துக்கொள்ள நல்ல சாமான் அல்ல. எழுப்பினால் விழுவார், விழுந்தால் இடுப்பெலும்பு போகும். எழுப்பாவிட்டால் கட்டிலோடு போவார். அவர் கண்ணயரும்போது மாம்பழம் வாங்குகிறவனைப் போலக் கெண்டைக்காலைக் களவாக அமத்திப் பார்ப்பேன். ஒவ்வொரு நாளும் நேற்றைவிட மெலிந்திருப்பதாகவே தோன்றும்.

“அப்பா, கதிரையைப் பிடிச்சு ஒருக்கா எழும்புங்கோ.”

“நீ எழும்பு பாப்பம். காலமை தொடக்கம் நீயும் இருந்த இடத்திலதான் இருக்கிறாய்.”

“தம்பி, மனுசனை விழுத்திப்போடாதை,” என்று அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பார்.

“விழுந்தா நான் பிடிப்பன்.”

“நீயோ? தண்ணி வாளியையே நேராய்ப் பிடிக்கமாட்டாய்.”

அரசாங்க வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு அத்திவாரத்தோடு நின்றதால் அப்போது தகரக் கொட்டிலில் இருந்தோம். கக்கூஸ் வளவின் கோடியில். ஒருநாள் காலை நான் போத்தலை நீட்ட, அப்பா அதைத் தள்ளிவிட்டார்.

“உந்தப் போத்தலைக் கொண்டுபோ. நான் அங்க போறன்.”

கொட்டிலின் கூரையைத் தாங்கிய நடுக்கப்பை இரண்டு கையாலும் பிடித்து எழுந்தார். முழங்கால்கள் ஆடின, ஆனால் நின்றார். அந்த நேரம் பார்த்து அப்பாவின் தங்கை, என் மாமி, ஒரு பை தோடம்பழத்தோடு வாசலில் வந்து நின்றார்.

“ஐயோ அண்ணை! எழும்பாதேங்கோ, படுங்கோ, படுங்கோ! இவன் பாத்துக்கொண்டு நிக்கிறான், ஒரு கை குடுக்கிறானில்லை!”

அப்பாவின் முழங்கால் மடியத் தொடங்கியது. தங்கை சொல்லி மறுத்துப் பழக்கமில்லாதவர்.

“மாமி, வாயை மூடுங்கோ!”

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். மாமியிடம் நான் அதுவரை உரத்துத் தும்மியதுகூட இல்லை.

“கேட்டனீங்களோ அண்ணை, உங்கட மகன்ர கதையை?”

அப்பா கேட்கவில்லை. தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “வழியை விடு பிள்ளை,” என்று தங்கைக்குச் சொல்லிவிட்டுக் கப்பிலிருந்து கையை எடுத்தார். கோழி பிடிக்கிறவனைப் போல இரண்டு கையையும் விரித்தபடி நான் பின்னால் போனேன். வாசல் நிலையை எட்டிப் பிடித்ததும் மூச்சு வாங்க நின்றார்.

“இன்னும் எவ்வளவு தூரம்?”

“கிட்டத்தான், அப்பா.”

அவர் நம்பவில்லை. நிலையைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. திரும்பிக் கட்டிலைப் பார்த்தார்.

மாமி பையைக் கீழே வைத்தார். கதிரையைத் தூக்கிக்கொண்டு எங்களைக் கடந்து போய், முற்றத்தில் பாதி வழியில் ‘டக்’கென்று வைத்தார்.

“அண்ணைக்கு வைக்கிறன். உனக்கில்லை,” என்றார் என்னைப் பார்க்காமல்.

அப்பா கதிரையைப் பார்த்தார். பிறகு நிலையிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார்.