ஏர் பூட்டின என் கார்

கூத்தாநல்லூர்ப் பக்கம் முதல்ல சொந்தமா கார் செஞ்சவன் நான்தான். ரெண்டாவதா யாரும் செய்யல. என் காரைப் பாத்தப்புறம் யாருக்கு மனசு வரும்? தண்ணி இறைக்கிற ஆயில் இன்ஜின், மாட்டு வண்டி டயரு, உடைஞ்ச பஸ்ஸோட சீட்டு. பம்ப் செட்டு ரிப்பேர் பண்றவன் கைக்கு வேற என்ன கிடைக்கும்?

கழக ஆட்சி வந்த புதுசு. குறுவைக்கு உழவு தொடங்கற நேரம், ஊரெல்லாம் கூலித் தகராறு. ஆளுங்களை விட்டுட்டு பண்ணையில டிராக்டர் இறக்கப் போறாங்கன்னு பேச்சு. அந்த நேரம் பாத்து வீட்டுக்காரியை ஏத்திக்கிட்டு திருத்துறைப்பூண்டியில மச்சான் வீட்டுக்குக் கிளம்பினேன். புத்தி இருந்தா நான் ஏன் கார் செய்யப் போறேன்?

வழியில ரோட்டுக்குக் குறுக்க மூங்கிலு. செங்கொடியோட ஒரு கூட்டம். ஒருத்தர் கையில கடப்பாரை, இன்னொருத்தர் கையில மண்ணெண்ணெய் டின்.

முன்னால நின்ன அம்மா கேட்டாங்க: "பண்ணைக்கு இன்ஜின் பாக்கறவருதானே நீங்க? டிராக்டரை எங்க ஓட்டிட்டுப் போறீங்க?"

"டிராக்டர் இல்லம்மா, காரு."

"இதுவா?"

எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா டின்னு மூடி கழண்டுருச்சு. திரும்பி ஓடலாம்னா, கார் செய்யறப்ப ரிவர்ஸ் கியர் வைக்க எனக்குத் தெரியல.

அந்தம்மா தீர்ப்பு சொன்னாங்க: "ஏரைக் கட்டிப் பாருங்க. இழுத்தா டிராக்டரு, கொளுத்திடலாம். இழுக்கலைன்னா காரு, போகட்டும்."

வீட்டுக்காரியை ரோட்டுல இறக்கிவிட்டுட்டு, தண்ணி கட்டின வயல்ல காரைத் தள்ளி இறக்கினாங்க. பின்னால ஏரைப் பூட்டினாங்க. நான் ஏமாத்திடக் கூடாதுன்னு கடப்பாரைக்காரர் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டார்.

"நல்லா முறுக்குங்க!"

முறுக்கினேன். யானையையே இழுக்கும்னு டீக்கடையில சத்தியம் பண்ணின வாயி, "இழுக்காதே தாயே"ன்னு வேண்டுச்சு. இன்ஜின் அலறுச்சு. ஏரு ஒரு சாண் நகந்துச்சு. டின்னுக்காரர் வரப்புலேருந்து வயல்ல கால வச்சுட்டார்.

அப்ப பெல்ட்டு வழுக்குச்சு. சக்கரம் அச்சு வரைக்கும் சேத்துல இறங்குச்சு. குப்புன்னு புகை.

"எங்க வீட்டுக் கிழட்டு மாடே தேவலாம்டோய்!"

கூட்டம் ஓன்னு கத்துச்சு. அந்தம்மா டின்னை மூடச் சொல்லிட்டாங்க. பத்துப் பேரு காரை ரோட்டுக்குத் தூக்கிவிட்டாங்க. பேசாம கிளம்ப வேண்டியதுதானே?

"பெல்ட்டு லூசும்மா, இறுக்கிட்டா நிச்சயம்..."

வீட்டுக்காரி என் வாயைப் பொத்தினா. "அவரு பேச்சைக் கேக்காதீங்க. எங்க ரெண்டு பேரையே இது இழுக்கல. பாதி வழி நான் தள்ளிட்டுத்தான் வர்றேன்."

அது பச்சைப் பொய். கால்வாசி வழிதான் தள்ளினா.