மூன்று மணி நேரத்தில் பதினான்கு நிமிடம்

சனிக்கிழமை காலை 6.10. திருச்சியிலிருந்து வந்த ரயில் என்னை மாம்பலத்தில் இறக்கிவிட்டது. தோள்பையில் இரண்டு சட்டை, வாட்ச் பிரிக்கும் சாமான் பெட்டி. சட்டைப்பையில் கைக்குட்டையில் சுற்றிய ஒரு வாட்ச். சாவி கொடுத்து ஓட்டும் பழைய ரகம், வெள்ளை முகம், உள்ளே சக்கரங்கள் தேயாமலிருக்கப் பதித்த பதினேழு கல். அதை அக்கா மகள் ரெஜினாவுக்குப் பரிசாகக் கொடுத்தவன் நான். நானே பிரித்து, துடைத்து, எண்ணெய் விட்டு, நானே கெடுத்தும் வைத்திருந்தேன். கெடுத்தது நான்தான் என்பது மட்டும் அன்று மதியம் வரை எனக்குத் தெரியாது.

ரெஜினா அடையாறில் விடுதியில் தங்கி அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிறாள். இது மூன்றாவது முறை. வயது வரம்புப்படி இதுவே கடைசி. தேர்வறைக்குள் நேரம் பார்க்கச் சாதாரணக் கை வாட்சைத் தவிர வேறெதையும் விடமாட்டார்கள். பேட்டரி வாட்ச் ஒன்று வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டவளிடம், “அதெல்லாம் பொம்மை” என்று சொல்லித்தான் இதைக் கொடுத்தேன். போன வாரப் பயிற்சித் தேர்வில் மூன்று மணி நேரத்துக்குள் இது பதினான்கு நிமிடம் முந்தி ஓடிவிட்டது. நேரம் முடிந்ததென்று பதறி, கடைசிப் பன்னிரண்டு கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வட்டங்களைக் கறுப்பாக்கியிருக்கிறாள். ஊருக்கு வந்தபோது ஒரு வார்த்தை திட்டாமல் வாட்சை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தேவலை. உண்மையான தேர்வு ஞாயிற்றுக்கிழமை.

இருபத்திரண்டு வருடப் பித்து எனக்கு. வீட்டில் பிரித்துப் பார்த்து நோயைக் கண்டுபிடித்தும் விட்டேன். தலைமுடியை விட மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங் களைத்துவிட்டது, புதிது போட்டால் சரியாகிவிடும். இதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை.

காலை 10.15. உஸ்மான் சாலையை ஒட்டிய சந்தில், மாடிப்படிக்கு அடியில் உதிரிபாகக் கடை. அதற்குள் தி. நகரில் ஊரே இறங்கிவிட்டது. ஜவுளிப் பைகளுக்கு இடையில் நான் ஒருவன்தான் சட்டைப் பொத்தானை விடச் சின்னதாக ஒன்றைத் தேடிப் போனவனாக இருப்பேன். கடைக்காரர் ஏழு டப்பாக்களைக் கொட்டித் தேடி, பேலன்ஸ் வீல் என்ற ஆடும் சக்கரத்தோடு சேர்ந்த ஒரு ஹேர்ஸ்பிரிங்கை எடுத்தார். விலை 350 ரூபாய். லாட்ஜ் மேஜையில் நானே மாட்டிவிடுவேன் என்றேன். லாட்ஜ் மேஜையில் செய்கிற வேலையா இது என்றார் அவர். மயிலாப்பூரில் கல்பனா என்று ஒருத்தர் இருக்கிறார், அவரிடம் கொடுங்கள் என்று வழி சொன்னார்.

ஐந்து கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 150 ரூபாய். மணி 11.50. தெற்கு மாட வீதிக்குப் பக்கத்தில் நாலடி அகலக் கடை. கல்பனாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கண்ணில் லென்ஸ், செல்போன் மட்டும் வேலை மேஜைக்கு எட்டாமல் வாசல் ஆணியில் துணிப்பைக்குள் தொங்கியது. ஹேர்ஸ்பிரிங் போயிற்று, புதிது கையோடு கொண்டுவந்திருக்கிறேன், மாட்டினால் போதும் என்று மருத்துவச் சீட்டுப் போல ஒப்பித்தேன். அவர் இழுப்பறையிலிருந்து குழந்தைகள் விளையாடுவது போன்ற ஒரு சின்னத் திசைகாட்டியை எடுத்து வாட்சின் மேல் வைத்தார். முள் வெடுக்கென்று திரும்பியது.

“ஹேர்ஸ்பிரிங்கு நல்லாத்தான் கீது சார். காந்தம் ஏறிக்கினு கீது. சுருளு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிது, அதான் வேகமா ஓடுது. இன்னாத்துல வச்சிப் பிரிச்சீங்க?”

பெருமையாகவே என் பெட்டியைத் திறந்து தட்டைக் காட்டினேன். திருகாணிகள் உருண்டு தொலையாமல் இருக்க, அடியில் காந்தம் பதித்த தட்டு. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு திருகாணியைத் தொலைத்தவனில்லை நான். கல்பனா திசைகாட்டியைத் தட்டின் பக்கம் கொண்டுபோனார். முள் பம்பரமாகச் சுற்றியது. வேலியே பயிரை மேய்ந்த கதை. பாகங்களை மணிக்கணக்கில் அந்தத் தட்டில் அடுக்கிவைத்து, அதையும் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். காது இரண்டும் சூடாகிவிட்டது.

காந்தம் இறக்கும் நீலப் பெட்டி ஒன்றின் மேல் வாட்சை வைத்துப் பொத்தானை அழுத்தி, மெல்ல மேலே தூக்கினார். மூன்று விநாடி, அவ்வளவுதான். பிறகு வாட்சின் டிக் டிக்கை மைக் வைத்த கருவியில் கேட்டோம். ஒரு நாளைக்கு எட்டு விநாடி முந்துகிறது, தங்கமான ஓட்டம். சாவி கொடுத்து, சரியாக 12.40க்கு நேரம் வைத்துத் தந்தார். கூலி நூறு ரூபாய்.

நாளை தேர்வுக்குக் கட்டிக்கொண்டு போகலாம் அல்லவா என்றேன்.

“ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பாக்காம எந்த வாட்சையும் நான் ஓகே சொல்றதில்ல சார். வேணும்னா நீங்க சொல்லிக்கங்க. அந்தத் தட்டு இருக்கிற பைல மட்டும் இத்தப் போட்டுறாதீங்க.”

வாட்சை இடது கையில் கட்டிக்கொண்டு, பையை வலது கையில் எட்டப் பிடித்தபடி மாட வீதியில் நடந்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

மாலை 4.00, அடையாறு. பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் ரெஜினா காத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. என் கையில் வாட்சைப் பார்த்ததும், “சரியாயிடுச்சா மாமா?” என்றாள். ஆகிவிட்டது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. கருவி சொன்னது, என் காதும் சொன்னது. ஆனால் போன மாதமும் என் காது இதையேதான் சொன்னது.

டீயை முடித்துவிட்டுப் பக்கத்துக் கடைக்கு அழைத்துப்போய், 450 ரூபாய்க்கு ஒரு பேட்டரி வாட்ச் வாங்கினேன். வாழ்க்கையில் முதல் தடவை. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பொம்மைன்னு சொன்னீங்க?”

“பொம்மைதான். நாளைக்கு இதைக் கட்டிக்கிட்டுப் போ.”

“அப்ப அது சரியாகலையா?”

“ஆயிருக்கும்னு நினைக்கிறேன். நினைக்கிறதை உன் கையில கட்டமாட்டேன்.”

தட்டைப் பற்றியும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால் விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு வாரமாகத் தூக்கம் கெட்டுக் கிடந்த எனக்கு அந்தச் சிரிப்பு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

ஞாயிறு காலை 9.30. கோபாலபுரத்தில் பழைய பங்களாக்களுக்கு நடுவே ஒரு பள்ளிக்கூடம்தான் தேர்வு மையம். மணியடித்ததும் கேட்டைச் சாத்தினார்கள். எதிரே வாகை மர நிழலில் பெற்றோர் சிலர் செபமாலையும் செய்தித்தாளுமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் இடது கையில் வாட்சும் வலது கையில் போனுமாக இரண்டு நேரத்தையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் இப்படி ஒருவன் உட்கார்ந்திருந்தால் நாலு பேர் விசாரித்திருப்பார்கள். இங்கே யாரும் கேட்கவில்லை, அதுவும் வசதிதான். பத்தரைக்கு வித்தியாசமில்லை. பதினொன்றரைக்கும் இல்லை. 12.30க்கு முடிவு மணி அடித்தபோது, விநாடி முள் போனோடு கிட்டத்தட்ட ஒட்டியே ஓடியது. இதையே கட்டி அனுப்பியிருக்கலாம் என்று ஒரு கணம் மனசு அடித்துக்கொண்டது. அனுப்பாததுதான் சரி என்று அடுத்த கணமே தெளிந்தது.

ரெஜினா வெளியே வந்தாள். கடைசிக் கேள்வியை முடித்தபோது பதினொரு நிமிடம் மிச்சமிருந்ததாம், திரும்பப் பார்த்ததில் இரண்டு தப்பைப் பிடித்தாளாம். பேட்டரி வாட்சைக் கழற்றி என் பையில் போட்டுவிட்டு வெறுங்கையை நீட்டினாள்.

“இப்பக் குடுங்க மாமா.”

மணி 12.34. கல்பனா சொன்ன ஒரு நாள் ஆக இன்னும் ஆறு நிமிடம் இருந்தது.

“இரு” என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. பள்ளி வாசலில் கூட்டம் கலையும் வரை இருவரும் அந்த வெள்ளை முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். 12.40 ஆனதும் நானே அவள் கையில் கட்டிவிட்டேன்.