சிங்க முத்திரை போட்ட ஸ்பூன்

பழைய இங்கிலீஷ் வெள்ளி ஸ்பூன்களைச் சேர்ப்பதில் எனக்கு ஒரு வெறி. ஓசூரில் என்னோடு வேலை பார்த்த பாய் பக்கவாதத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்ததால், அவரைப் பார்க்க அவர் ஊரான பேரிகைக்குப் போனேன். அவர் மனைவி அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். ஸ்பூன் காம்பில் சின்னதாகச் சிங்க முத்திரை. அசல் இங்கிலீஷ் வெள்ளி!

கேட்டால் தரமாட்டாரோ என்று, "அக்கா, இதுல ஈயம் கலந்திருக்கு. உடம்புக்கு விஷம். குடுங்க, தூக்கிப் போட்டுடறேன்" என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "ரெண்டு வருஷமா இதுலதான் ஊட்டறேன் தம்பி. அதனாலதான் இவரு இன்னும் எந்திரிக்கலையா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஸ்பூனைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அதைக் கையில் எடுத்தேன். பாயின் கஞ்சி காய்ந்து ஒட்டியிருந்தது. கழுவி, பீரோவில் மற்ற ஸ்பூன்களோடு வைக்க மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் ஸ்பூனோடு போய் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று தலைகுனிந்து நின்றேன்.

"அப்ப நான் அவருக்கு விஷம் வெக்கலியா தம்பி?" என்று கேட்டவர், முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

அதன்பிறகு நான் ஒரு ஸ்பூன்கூட வாங்கவில்லை. பீரோவில் இருப்பவற்றைப் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் யாரிடம் என்ன பொய் சொன்னேன் என்பதுதான் ஞாபகம் வருகிறது.