கூக்காலில் ஒரு கடற்படை நடவடிக்கை

சென்ற பிப்ரவரியில் நம் கடற்படையின் வரலாற்றைப் பற்றி இங்கே எழுதியிருந்தேன். சோழர் கடாரம் போனதில் தொடங்கி, இன்று சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போவதுவரை எல்லாம் இருந்தது. கப்பலில் வேலை பார்த்த ஆள் ஒருவர்கூட இல்லை. ஒரு வாசகர் அதைச் சுட்டிக்காட்டி, கூக்காலில் இருக்கும் தன் மாமாவைப் பார்க்கச் சொன்னார். கடற்படையை அறிய, கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடி ஏற வேண்டியதாயிற்று.

கொடைக்கானலிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர். காலை 6.40 பேருந்து, 42 ரூபாய், இரண்டு மணி நேரம். பூம்பாறையில் தேநீருக்குப் பத்து நிமிடம் என்றார் ஓட்டுநர். அதற்கு மட்டும் தனியாக இருபது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமா முருகேசன், பதினைந்து ஆண்டுகள் போர்க்கப்பலின் எஞ்சின் அறையில் இருந்தவர். இப்போது பூண்டு விவசாயம். நான் போனபோது ஓடையோரம் ஊரே அவரைச் சூழ்ந்து நின்றது. பக்கத்துத் தோட்டத்துப் பாப்பாத்தியின் டீசல் பம்பு ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. பூண்டு பருக்கும் நேரம், தாள் மஞ்சளாகிவிட்டது. இன்றும் பாய்ச்சாவிட்டால் பாதி போய்விடும். குழாயின் வாய் ஆழத்தில் சேறடைத்திருக்கும், கடற்படைக்காரர் முங்கி எடுக்க வேண்டியதுதான் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது.

“வெரசா எறங்குங்கண்ணே. கடலையே பாத்தவருக்கு இதெல்லாம் ஒரு தண்ணியா?” என்றார் பாப்பாத்தி.

“கடலை எங்க தாயி பாத்தேன்? எஞ்சினைத்தான் பாத்தேன். கொள்ளைக்காரன் வர்ற பக்கம் சரக்குக் கப்பலுக்குத் தொணையா மாசக்கணக்கா போனோம். நான் கொள்ளைக்காரனையும் பாக்கல, சரக்கையும் பாக்கல.”

“ஒங்களை நம்பித்தான் நாங்க தூங்குனோம், பாருங்க!”

முருகேசன் பீடி ஒன்றைப் பற்றவைத்தார். ஓடும் பம்பின் குழாயில் ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் அதைப் பிடித்தார். மூன்றாவது இணைப்பில் புகை வளைந்து உள்ளே போனது. எஞ்சினை நிறுத்தி, அங்கே சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றி, பம்பில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி மறுபடி ஓட்டினார். 10.25க்குத் தண்ணீர் வந்தது.

“கப்பல்ல தண்ணி உள்ள வரக் கூடாது. இங்க காத்து உள்ள போகக் கூடாது. சோலி ஒண்ணுதான்.”

ஆயிரம் ஆண்டுக் கடற்படை வரலாற்றில் மன்னர்களின் பெயர்கள் இருக்கின்றன. கசிவு தேடியவர்களின் பெயர்கள் இல்லை. கப்பல்கள் மிதந்ததில் அவர்களுக்கும் பங்கு இருந்திருக்கலாம்.

போகிறவர்களுக்கு: ஸ்வெட்டரும் சாப்பாடும் கொண்டுபோங்கள். திரும்பும் பேருந்தின் நேரத்தை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுவிடுங்கள். எனக்கு 2.15 என்றார்கள். அதுவரை வரப்பில் நின்றேன். தண்ணீர் நான்காம் பாத்திக்குப் போய்விட்டது. மடையைத் திருப்பிவிட்டு வந்த பாப்பாத்தி, வெளியூர்க்காரனான என்னிடம் முறையிட்டார்:

“நேவி, நேவின்னாங்க. மனுசனுக்குக் காலுகூட நனையலைங்க.”