விதைக்காத நிலத்தின் நான்கெல்லை

செய்தி வந்தபோது நான் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். அன்று அமாவாசை. மேல்மலையனூர்க் கோயிலுக்குக் கூட்டம் ஏற்றிக்கொண்டு சிறப்புப் பேருந்துகள் வந்துகொண்டே இருந்ததால், எங்கள் அவலூர்பேட்டை வண்டி வளத்தியைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டது. கைப்பேசியில் ஒரு வரி: "ரஹ்மத் அக்கா நேற்று இரவு காலமானார். காலை பத்து மணிக்கு அடக்கம்." அப்போது மணி ஒன்பது. செஞ்சியில் நான் இறங்கியபோது பத்தே முக்கால்.

வீட்டு வாசலில் அவருடைய தங்கை நூர்ஜஹான் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்பதான்ம்மா எடுத்துக்கினு போனாங்க. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா மொகம் பாத்திருப்ப."

அன்று பார்க்க முடியாமல் போன முகத்தை மூன்று வாரமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து மேசையில் யாராவது இருமினால்கூடத் திரும்பிவிடுகிறேன்.

பதிவு அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதும் அறையில் நாங்கள் இருவரும் நான்கு ஆண்டுகள் அடுத்தடுத்து உட்கார்ந்து தட்டச்சு செய்தோம். செஞ்சிக்காரர்களான உங்களில் பலர் உங்கள் வீட்டுப் பத்திரத்தை அவருடைய குரலில்தான் முதலில் கேட்டிருப்பீர்கள். எழுதி முடித்ததை அவர் சும்மா நீட்டியதே இல்லை. முதல் எழுத்திலிருந்து உரக்கப் படிப்பார். நிலத்தின் நாலு பக்கமும் யாருடையது என்று சொல்லும் நான்கெல்லை வந்ததும் எழுதிக்கொடுப்பவரை எழுந்து நிற்கச் சொல்வார். "பெரியப்பா, நெலத்து நடுவுல நிக்கிறதா நெனச்சுக்குங்க. கிழக்க யாரு? கைய நீட்டிக் காட்டுங்க." படித்து முடித்ததும் "சரிதானா?" என்று மூன்று முறை கேட்பார். முதல் இரண்டு முறை தலையாட்டலாம். மூன்றாம் முறை வாய் திறந்துதான் சொல்ல வேண்டும். "தலைய ஆட்றது பக்கத்துல இருக்கிறவங்களுக்காக" என்பார். சொத்தில் தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து எழுத வந்த ஒரு பெண் மூன்றாம் முறை பேசாமல் நின்றாள். அக்கா அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து, கையெழுத்துக்கு விடாமல் ஊருக்கு அனுப்பினார். அன்று அந்த அண்ணன் போட்ட சத்தம் கடைத்தெரு வரை கேட்டது.

இந்தப் பழக்கம் ஒரு பிழையிலிருந்து வந்தது. அதை அவரே சொல்லிச் சிரிப்பார். அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில், பத்திரம் எழுத வந்த ஒருவர், "கோட்டைப் பக்கம் எங்க அண்ணன் நெலம்" என்றிருக்கிறார். செஞ்சியில் பிறந்தவருக்குக் கோட்டை என்றால் மேற்கு. அக்கா மேற்கு என்றே எழுதிவிட்டார். வந்தவருடைய ஊரோ மலைக்கு அந்தப் பக்கம். அவருக்குக் கோட்டை கிழக்கே. அண்ணனும் தம்பியும் ஒரு வருடம் முகம் பார்க்காமல் இருந்தார்கள். பிழைத்திருத்தப் பத்திரம் எழுதிய பிறகுதான் பேசினார்கள். "கோட்டை எங்கியும் நவுரல. அந்த ஆளு எங்க நிக்கிறாருன்னு நான்தான் கேக்கல" என்பார்.

அந்தப் பழைய பாடலையும் அவர் அப்படித்தான் படித்தார். பள்ளியில் நாம் மனப்பாடம் செய்ததுதான். ஒருவனிடம் ஒரு கை விதை இருக்கிறது, மேட்டில் ஒரு நிலம், பள்ளத்தில் ஒரு நிலம், மழை வருகிறது. ஒன்றில் விதைக்கிறான். எதில் என்று பாடல் சொல்வதில்லை. விதைக்காத நிலத்தில் வந்து அமர்ந்த பறவை எது என்று கேட்டு முடிந்துவிடும். 'எதையும் சிந்தித்து முடிவெடுக்க வேண்டும்' என்று எழுதினால் தேர்வில் முழு மதிப்பெண்.

ஒரு மழைநாளில் பதிவு அலுவலகத்தில் சர்வர் நின்றுபோக, எங்கள் அறை முழுக்க ஆட்கள். அக்கா அந்தப் பாடலைச் சொல்லிவிட்டு, "எதுல வெதச்சிருப்பான்?" என்று கேட்டார்.

"மேட்டுலதான். பள்ளத்துல தண்ணி நின்னா வெத அழுவிப்புடும்" என்றார் அனந்தபுரத்து விவசாயி ஒருவர்.

"மொதல்ல இன்னா வெதன்னு சொல்லு. நெல்லா, மல்லாட்டையா?" என்று அவர் மனைவி கேட்டார்.

"ஒரு கை மல்லாட்டைய வெச்சிக்கினு இன்னா வெதைக்கிறது? கடலைய வறுத்துத் துன்னுட்டுப் போயிருப்பான்" என்றார் அந்த விவசாயி.

சிரிப்பு அடங்கியதும் மூலையிலிருந்து ஒரு அம்மா மெதுவாகச் சொன்னார். "வெதைக்காத நெலத்துல மாடு மேயும். அது இன்னா வீணா?"

அக்கா வெகுநேரம் அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலைவரை அவர் தட்டச்சு செய்ததில் நிறையப் பிழைகள்.

சில வாரங்களுக்கு முன்பு ஹைதராபாத்தில் மேற்படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்தது. குறித்த நாளுக்குள் பதில் எழுத வேண்டும். வீட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தடுக்க ஒருவர் இருந்திருந்தால் எதிர்த்துக்கொண்டாவது முடிவெடுத்திருப்பேன். அக்கா 'போ' என்று சொல்வார் எனக் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, "அந்தப் பாட்டு இன்னா சொல்லுதுன்னாவது சொல்லுங்கக்கா" என்று கேட்டேன்.

"பாட்டுகிட்ட போயி கையெழுத்து கேக்காத. அது சாட்சி மட்டுந்தான்."

எனக்குக் கோபம் வந்தது. இருபது வயதில் அவருக்கு வேலூரில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்ததும், தந்தை படுக்கையில் விழுந்ததால் போகாமல் இந்த மேசையில் வந்து உட்கார்ந்ததும் எனக்குத் தெரியும். "நீங்க போவல. அதான் எனக்கும் சொல்ல மாட்டேன்றீங்க. அந்த வெதைக்காத நெலம் நீங்கதான்க்கா" என்றேன்.

அவர் விரல்கள் நின்றன. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "திங்கக்கெழம பதில் சொல்றேன்" என்றார். அந்தத் திங்கட்கிழமைதான் அமாவாசை.

பத்து நாள் கழித்து நூர்ஜஹானைப் பார்க்கப் போனேன். "நீதான எங்க அக்காவ நெலம்னு சொன்னவ?" என்றார். நான் தலை குனிந்தேன்.

"ரெண்டு நாளா அதே பேச்சுதான். சோறு துன்னும்போதுகூட சிரிச்சுக்கினு இருந்துச்சு. 'அந்தப் பொண்ணு என்னை நெலம்னு எழுதிட்டா. திங்கக்கெழம அவள எழுந்து நிக்க வெச்சி, நாலு எல்லையையும் காட்டுடின்னு கேக்குறேன் பாரு'ன்னுச்சு."

சொல்லிவிட்டு நூர்ஜஹான் கிளம்ப வேண்டியிருந்தது, பள்ளிக்கு நேரமாகிவிட்டது. அவர் ஆசிரியை. அவரைப் படிக்க வைத்தது அக்காவின் தட்டச்சு வேலை. இது எனக்கு நான்கு ஆண்டுகளாகத் தெரியும். தெரிந்தும் ஒருநாளும் இதை அந்தப் பாடலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. விதைக்காத நிலத்தைப் பற்றிப் பேசினேனே தவிர, எந்த நிலத்தில் விதைத்தீர்கள் என்று அவரிடம் கேட்டதே இல்லை. நான் நின்ற பக்கத்திலிருந்து கோட்டை மேற்கே தெரிந்தது, எழுதிவிட்டேன். இப்போது திருத்தி எழுதலாம். படித்துக் காட்டினால் ஒப்புக்கொள்ள வேண்டியவர்தான் இல்லை.

நேற்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, ஹைதராபாத்துக்கு எழுதிய பதிலை முதல் எழுத்திலிருந்து உரக்கப் படித்தேன். பிறகு எழுந்து நின்று கையை நீட்டினேன். வடக்கே, நான் பார்த்திராத ஊர். மேற்கே கோட்டை. தெற்கே, சாலைக்கு அந்தப் பக்கம் பதிவு அலுவலகம். கிழக்கே அக்காவின் நாற்காலி.

"சரிதானா?" என்று கேட்டுக்கொண்டேன். இரண்டு முறை தலையாட்டினேன். மூன்றாம் முறை குரல் வரவில்லை. காத்திருந்தேன், அவர் இருந்திருந்தால் அவரும் அவசரப்படுத்தாமல் காத்திருப்பார். பிறகு வாய் திறந்து, "சரிக்கா" என்றேன்.

இந்த ஊரிலிருந்து நான் கொண்டுபோவது, மூன்றாவது கேள்விக்குப் பிறகு அவர் நமக்காக விட்டுவைத்த அந்தச் சிறிய அமைதியைத்தான்.