அழகையாவின் நாயனப் பெட்டி

கல்யாண வீட்டுக்கு வாசிக்கப் போகிறவனுக்கு எந்த ஊரிலும் பெரிய மரியாதை கிடையாது. நாங்கள் ஐந்து பேர் கொண்ட குழு. கடைசிப் பந்தியில் சாப்பிடுவோம், லொறியின் பின்பக்கத்தில் சாமான்களோடு வீடு திரும்புவோம். அழகையாவுக்கு மட்டும் கதை வேறு. புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களில் அவன் போய் இறங்கினால், "நாயனக்காரரு வந்துட்டாரு" என்று ஓடிப்போய் உட்காரக் கதிரை கொண்டு வருவார்கள். இத்தனைக்கும் அவன் வாசித்தது கிட்டார்.

அவன் பிறந்தது புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். நத்தார் காலத்தில் லயத்து வரிசை வீடுகள்தோறும் ஏசு பிறந்த பாட்டைப் பாடி வரும் கோஷ்டியோடு சேர்ந்து கிட்டார் பிடிக்கப் பழகினான். நெற்றியில் விபூதியோடு நத்தார்ப் பாட்டு வாசித்தவன் அந்தக் கோஷ்டியில் அவன் ஒருவன்தான். வளர்ந்த பிறகு கண்டி டவுனில் ஒரு பெயின்ட் கடையில் வேலை கிடைத்தது. யார் எந்தச் சுவர்த் துண்டைக் கொண்டுவந்து நீட்டினாலும் அதே நிறத்தைக் கலந்து கொடுப்பான். கம்பளையில் ஒரு சின்ன வீடு, மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள். சனி, ஞாயிறு எங்களோடு கச்சேரி. அதிகம் பேசமாட்டான். நான் பேசுகிற பேச்சுக்கு அது சரியாகிவிடும்.

அந்தப் பெட்டியை அவன் கொரியாவில் வேலை செய்துவிட்டு வந்த ஒருவனிடம் வாங்கினான். காலால் மிதிக்க நான்கு பொத்தான், மேலே கொஞ்சம் திருகு, ஓரத்தில் ஒரு சிவப்பு விளக்கு. கிட்டாரின் சத்தம் வயர் வழியாக அதற்குள் போய் வேறு சத்தமாக வெளியே வரும். முதலில் சினிமாப் பாட்டுக்கு மட்டும்தான் பாவித்தான். 2008இல் எங்கள் கீபோர்ட்காரன் கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான். அந்த நேரம் பார்த்து ஒரு தோட்டத்துக் கல்யாணம் வந்தது. நல்ல முகூர்த்த நாள் என்றால் கண்டியிலும் மாத்தளையிலும் இருக்கிற நாதஸ்வரக்காரர்களைப் பெரிய வீடுகள் எப்போதோ பேசி வைத்திருப்பார்கள். தோட்டத்துக்கு யார் ஏறி வருவார்கள்? அழகையா நான்கு நாள் அறைக்குள் இருந்து திருகுகளைத் திருகினான். ஐந்தாவது நாள், எந்த வீட்டில் விசேஷம் என்று பார்க்கப் பக்கத்து வீட்டு அம்மா வெளியே வந்துவிட்டார். கிட்டார் அச்சு அசலாக நாயனமாக அழுதது. நான் மின்சார டிரம் வாசிப்பவன், பெயர் சிவமணி. அதில் தவில் சத்தத்தை வைத்துக்கொண்டு நானும் சேர்ந்துகொண்டேன். அதன் பிறகு ஆறு வருஷம், எழுபதுக்கு மேல் தாலி எங்கள் கெட்டிமேளத்தில் ஏறியது.

2014 ஆனியில் சீதாவுக்கும் யோகராஜாவுக்கும் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் கல்யாணம். தாலி கட்டும்போது கெட்டிமேளம் ஏன் என்று நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த நேரத்தில் ஒரு தும்மல், ஒரு அழுகை, ஒரு கெட்ட சொல் மணமக்கள் காதில் விழக்கூடாது. ஐயர் கையைத் தூக்கினார், நாங்கள் கெட்டிமேளத்தைப் பிடித்தோம். முதல் முடிச்சு விழுந்தது. அப்போது பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது. நாயனம் அறுந்து போனதைப் போல நின்றது.

இதில் நான் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. நாயனம் நின்றால் தவில் நிற்க வேண்டியதில்லை. நான் தொடர்ந்து அடித்திருந்தால் பாதிப் பேருக்கு விஷயமே தெரிந்திருக்காது. நான் என்ன செய்தேன்? கையை நிறுத்திவிட்டு, மடையன் மாதிரி அழகையாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். அந்த அமைதியில் பின்பக்கம் சமையல் கொட்டகையிலிருந்து ஒரு குரல் தெளிவாகக் கேட்டது.

"ஐயோ, போச்சு! எல்லாம் போச்சு!"

பருப்பு அடிபிடித்துப் போனதற்காகத்தான் சமையல்காரன் கத்தினான். அது எல்லாருக்கும் தெரியும். அழகையா காலால் கரண்ட் வயரை நெம்பினான், விளக்கு வந்தது, நாயனமும் வந்தது. அதற்குள் மூன்று முடிச்சும் விழுந்து முடிந்திருந்தன. கொஞ்ச நேரம் முணுமுணுத்தார்கள். பிறகு இலை போட்டார்கள், அத்தோடு அடங்கியது.

ஐம்பத்து மூன்றாவது நாள், நல்ல மழையில், நுவரெலியா வீதி வளைவொன்றில் யோகராஜாவின் ஆட்டோ வழுக்கிப் பள்ளத்தில் போனது. ஆள் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டான்.

அடங்கியிருந்த பேச்சு எழுந்து வந்தது. ராசியில்லாத பெட்டி என்றார்கள். ஏற்கனவே பேசியிருந்த இரண்டு கல்யாணக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். குழுவில் எல்லாருக்கும் ஒரே பேச்சு, பெட்டியை வீசிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கு. நானும் அதைத்தான் சொன்னேன். அழகையா தலையை ஆட்டவில்லை.

"பழுதானா ரிப்பேர் பண்ணணும் மணி. அதுக்குப் போய் ராசி கீசின்னுகிட்டு."

அவனுக்குச் சாமி நம்பிக்கை உண்டு, சகுன நம்பிக்கை கிடையாது. பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு கண்டிக்குப் பக்கத்துத் திகனைக்குப் புறப்பட்டான். நானும் கூடப் போனேன். அங்கே லாபிர் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ரேடியோ, அம்ப்ளிபையர் எல்லாம் திருத்துகிறவர். அடிமூடியைக் கழற்றி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"கரண்ட் வார எடத்துல ஈயம் வெடிச்சீக்கிது. வேற ஒண்டுமில்ல. இது எத்தன நாளா இப்பிடி விட்டு விட்டு வேல செஞ்ச?"

அழகையா பெட்டியைத் தன் பக்கம் திருப்பி அந்த வெடிப்பைப் பார்த்தான். அவர் திரும்பவும் கேட்டார்.

"அந்தத் தாலிக்கு முன்னாடி ரெண்டு கிழமையா, நானா."

"ரெண்டு கிழமையா? பதினாலு நாளா? கொண்டு வந்தீந்தா அஞ்சி நிமிஷ வேலயே."

ஐந்து நிமிஷத்தில் ஈயத்தை உருக்கி ஒட்டிக் கொடுத்தார். பெட்டி ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது. திரும்பி வரும் பஸ்ஸில் அழகையா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான்.

"வயர் ஆடுதுன்னு எனக்குத் தெரியும் மணி. ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கி வச்சிருந்தேன். அந்தப் புள்ள தாலிக்கு முன்னாடி ரெண்டு கச்சேரி அப்புடித்தான் ஓட்டுனேன்."

"சரி விடு, அதுக்கும் ஆட்டோ வழுக்குனதுக்கும் என்னா சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்ல. ஆனா அந்தப் புள்ளய இப்ப அதச் சொல்லித்தானே வதைக்கிறாங்க."

தவில் நின்றிருக்க வேண்டியதில்லை, பிழை என் கையிலும் உண்டு என்று அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

வதைப்பது என்று அவன் சொன்னது சும்மா இல்லை. சீதாவின் அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போனவர், அப்பா இல்லை. போக இடமில்லாமல் அவள் மாமியார் வீட்டிலேயே இருந்தாள். மூன்று மாதக் கர்ப்பம் வேறு. மாமியார் ராக்கம்மா கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கை நீட்டவில்லை, வாய்விட்டு ஒரு சொல் ஏசவில்லை. ஆனால் மேளமில்லாமல் ஏறின தாலிதான் தன் மகனைக் கொண்டுபோனது என்று மனதில் போட்டுவிட்டார். அவள் கையால் சோறு வாங்குவதில்லை, தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. தானே உலை வைத்து, தானே தின்று, விடிந்தால் கொழுந்து பறிக்கப் போவார். ஒரே குசினியில் இரண்டு அடுப்பு.

ஒரு நாள் சீதா பெயின்ட் கடைக்கே வந்துவிட்டாள். அழகையா பின்னர் எனக்கு அதை வார்த்தைக்கு வார்த்தை சொன்னான். வாடிக்கையாளர் மாதிரி ஓரமாக நின்று, அவன் கை ஓயும் வரை காத்திருந்தாளாம்.

"மாமா, பொட்டிய ரிப்பேர் பண்ணிட்டீங்கன்னு சொன்னாங்க. நெசமா?"

"ஆமா புள்ள. நல்லா வேல செய்யுது."

"அத வீசிறாதீங்க மாமா. அதுல நீங்க இன்னும் நாலு கல்யாணத்துக்கு வாசிங்க. அவுங்கல்லாம் நல்லா இருந்தாங்கன்னா எங்கத்தைக்குப் புரியும். நீங்க அத வீசிட்டீங்கன்னா, அப்ப அது உண்மன்னுதான ஆகும்?" பிறகு, "எங்கத்தைக்கிட்ட ஒரு தடவ வந்து சொல்லுங்க மாமா," என்று அழுதிருக்கிறாள்.

வருகிறேன் என்றான். வாசிக்கிறேன் என்றும் சொன்னான். சொன்னபோது மனதாரத்தான் சொன்னான்.

அடுத்த வாரம் கம்பளையில் ஒரு மரக்கறி மொத்த வியாபாரி எங்களைக் கூப்பிட்டார். மகளுக்குக் கல்யாணம். பேச நானும் அழகையாவும் போனோம். வெற்றிலைத் தட்டை நகர்த்திவிட்டு அவர் சொன்னார்.

"தம்பி, நான் இதெல்லாம் நம்புற ஆளில்ல. ஆனா அந்தப் பழைய பொட்டி வேணாம். புதுசு ஒண்ணு கொண்டு வாங்க."

அழகையா விடாமல் விளக்கினான். வயரைச் சொன்னான், ஈயத்தைச் சொன்னான், எழுபது கல்யாணத்தைச் சொன்னான். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒன்று சொன்னார்.

"எல்லாம் சரி தம்பி. எம் புள்ள தாலியில நீங்க பரீட்ச வச்சுப் பாக்காதீங்க."

சரி, புதுசே கொண்டு வருகிறேன் என்று அழகையா ஒத்துக்கொண்டான். அவனுக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். அன்றைக்கு வீதியில் நடக்கும்போது, "அவரு கேட்டது நியாயந்தானே மணி?" என்று மூன்று தரம் கேட்டான். எனக்குக் கோபம் வந்தது.

"அப்ப சீதாகிட்ட சொன்னது?"

"அவ மாமியார்கிட்ட போய்ச் சொல்லுவேன். என் தப்புன்னு சொல்லுவேன். அது போதும்ல?"

அழகையா கண்டியில் புதுப் பெட்டி வாங்கினான். அதில் நாயனத்தைக் கொண்டுவர ஒரு கிழமை பிடித்தது. பழையதைத் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தான். அந்த நாட்களில் கடையிலும் அவன் நிலை சரியில்லை. யாரோ கேட்ட இளநீலத்தைப் பச்சையாகக் கலந்து வைத்து முதலாளியிடம் ஏச்சு வாங்கினான்.

கம்பளைக் கல்யாணத்துக்கு முந்திய ஞாயிறு காலையில் பழைய பெட்டியை எடுத்துக்கொண்டு ராக்கம்மாவின் லயத்துக்குப் போனோம். சுவரில் யோகராஜாவின் படம், பிளாஸ்டிக் மாலையோடு. ராக்கம்மா கதிரையைத் துடைத்து, "வாங்க தம்பி, இருங்க," என்றார். சீதா குசினி வாசலில் நின்றாள்.

அழகையா உட்காரவில்லை. பெட்டியைத் தரையில் வைத்து, கரண்ட் வயரைச் சொருகினான். சிவப்பு விளக்கு எரிந்தது. வயரைப் பிடித்து ஆட்டினான், பெட்டியைத் தூக்கித் தட்டினான். விளக்கு அணையவில்லை. சாவு நடந்த வீட்டில் நாயனம் வாசிக்க முடியாது. அவன் கிட்டாரைக் கொண்டுவரவுமில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னான். இரண்டு கிழமையாக வயர் ஆடியதை, ரப்பர் பேண்டை, திகனையில் ஐந்து நிமிஷத்தில் ஈயம் வைத்ததை.

"அன்னைக்கு நின்னது என் கவலயீனத்தாலம்மா, நான் அசட்டையா இருந்ததாலதான். தாலிக்கு ஒரு குத்தமும் இல்ல. இந்தப் புள்ள மேலயும் இல்ல. ஏசறதுன்னா என்னய ஏசுங்க."

ராக்கம்மா அவனை ஏசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"ரெண்டு கிழமையா தெரிஞ்சே வச்சிருந்தீங்களா தம்பி?"

"ஆமாம்மா."

"ஏன் மொதல்லயே வந்து சொல்லல?"

"பயந்தேன்மா."

அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு, குசினி வாசல் பக்கம் பார்க்காமலே, "சீதா, தம்பிமாருக்குத் தேத்தண்ணி ஊத்து," என்றார். கொஞ்சம் பொறுத்து, "எனக்கும் ஒரு வாய் கொண்டா," என்றார்.

உள்ளே கேத்தல் வைக்கும் சத்தம் வேகமாகக் கேட்டது. அழகையா அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தான். ராக்கம்மா அவன் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார், எந்த வகுப்பு என்று கேட்டார். கம்பளையில் மரக்கறிக் கடைக்காரர் வீட்டுக் கல்யாணம் பெரிதாக நடக்கப் போகிறதாமே என்றார்.

"நீங்கதான் வாசிக்கிறீங்களாமே?"

"ஆமாம்மா, வர்ற வியாழக்கெழம."

"இந்தப் பொட்டியிலதானே?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. வியாழக்கிழமை கம்பளைக்கு வந்து எட்டிப் பார்க்கவா போகிறார்? சொல்லடா என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். நானாவது முந்திக்கொண்டு சொல்லியிருக்கலாம், என் வாயும் வரவில்லை. அழகையா குனிந்து தரையைப் பார்த்தான்.

"இல்லம்மா. புதுசு ஒண்ணு வாங்கியிருக்கேன்."

சீதா தட்டில் மூன்று கோப்பையோடு வந்து நின்றாள். அவளும் அதைக் கேட்டுவிட்டாள். எனக்கும் அழகையாவுக்கும் எடுத்துக் கொடுத்தாள். மூன்றாவது கோப்பையை நீட்டியபடி மாமியாருக்கு முன்னால் நின்றாள்.

ராக்கம்மா கை நீட்டவில்லை. "ஒங்களுக்கே பயமா இருக்குல்ல தம்பி," என்றார். குரலில் கோபம் இல்லை. எழுந்து, கொழுந்துக் கூடையை எடுத்து வெயிலில் காயவைக்க வெளியே போனார்.

அழகையா தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தான், வாய் வெந்திருக்கும். பெட்டியிலிருந்து வயரைப் பிடுங்கக் குனிந்தான். சீதா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்து, வயரைத் தானே கழற்றி, அழகாகச் சுருட்டி அவன் கையில் கொடுத்தாள்.

"பஸ் போயிரும் மாமா, கெளம்புங்க," என்றாள்.

பிறகு ராக்கம்மாவுக்கு ஊற்றிய தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு திரும்பக் குசினிக்குள் போனாள்.